பாடகர் இன்னும் சாப்பிடவில்லை

காளான் சூப் போன வேகத்திலேயே திரும்பி வந்தது. கிண்ணத்தின் ஓரத்தில் வைத்த கரண்டிகூட இம்மியும் நகரவில்லை.

“என்னவாம்?” என்று கேட்டாள் அக்கா.

“வாசனை பிடிக்கலயாம்” என்றார் மேனேஜர்.

ஊர் ஊராகப் போய்ப் பாடும் இசைக்குழுக்களுக்கு மேடைக்குப் பின்னால் சமைத்துப் போடுவது அவள் தொழில். இருபத்திரண்டு வருஷத்தில் சொந்தப் பெயர் போய் எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டாள். அப்பா வயதில் இருந்த டிரம்ஸ்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். அதைத் தட்டிக் கேட்கும் தெம்பு அவளுக்கு எப்போதோ போய்விட்டது.

“ஏதாவது பண்ணுங்க அக்கா. இப்ப மணி மூணு. ஆறரைக்கு மேடை ஏறணும். காலைலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல” என்றார் மேனேஜர். “போன வருஷம் இப்படித்தான் வெறும் வயித்தோட ஏறி, மூணாவது பாட்டுல மயங்கி விழுந்தாரு. மறுபடி விழுந்தா என் வேலை போயிடும். அதுக்கு முன்னாடி உங்க வேலை போயிடும்.”

சொல்லிவிட்டு ஒரு போனைக் காதிலும் இன்னொரு போனைக் கையிலுமாக வெளியே போனார். அக்கா உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தாள். எதிரே குளிர்சாதனப் பெட்டியின் கதவில், யார் யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று நாலு பக்கப் பட்டியல் ஒட்டியிருந்தது. கிட்டார்காரருக்கு வெங்காயம் கண்ணில் படக்கூடாது, வாயில் படலாம். டிரம்ஸ்காரரின் தட்டில் ஒரு பண்டம் இன்னொன்றைத் தொடக்கூடாது. மேடை விளக்குக்காரர்களுக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. கை கழுவ வைத்த எலுமிச்சைத் துண்டுகளையும் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். பாடகரின் பெயருக்கு நேரே ஒரே ஒரு வரி: ‘நன்றாக இருந்தால் போதும்.’ அதைவிடப் பொல்லாத நிபந்தனை உலகத்தில் இல்லை என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும்.

“பூண்டுதான் அண்ணி. பூண்டு வாசனைதான் ஆகலபோல” என்றான் கொழுந்தன். பதினைந்து வருஷமாக அவளோடு காய் நறுக்குகிறவன், வேன் ஓட்டுகிறவன், பாத்திரம் தூக்குகிறவன் எல்லாம் அவன்தான்.

“பூண்டு இல்லாம இன்னொரு சூப் வைக்கிறேன். வெண்ணெயை எடு.”

இதுதான் அவளுக்குக் கடைசிப் பயணம். முழங்கால் இரண்டும் ராஜினாமா கொடுத்து ஒரு வருஷமாகிறது. அவள்தான் ஏற்றுக்கொள்ளாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சுற்று முடிந்ததும் அடுப்பு, அண்டா, வேன் எல்லாவற்றையும் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பதாக ஏற்பாடு. ஆனால் பாதியில் துரத்தப்பட்டால் அண்டா மட்டும்தான் மிஞ்சும். ‘பாடகரைப் பட்டினி போட்டவங்க’ என்ற பேச்சு பாடகரின் பஸ்ஸைவிட வேகமாக ஊர் ஊராகப் போய்விடும். அப்புறம் அவனை எந்தக் குழு கூப்பிடும்? இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறான்.

பூண்டில்லாத சூப் வெண்ணெயும் பாலாடையுமாக மினுங்கிக்கொண்டு மேலே போனது. ஐந்து நிமிஷத்தில் மேனேஜர் அதே கிண்ணத்தோடு இறங்கி வந்தார்.

“இது அதைவிட மோசமாம். மூடியைத் திறந்ததும் ‘எடுத்துட்டுப் போய்யா’ன்னு ஒரே கத்தல்.”

“ருசி பாத்தாரா?”

“மோந்து பாத்தாரு. ரெண்டு தடவை.”

அப்படியானால் வாசனைதான் சனியன் என்று அக்கா முடிவு கட்டினாள். பாடகரின் அறை சமையலறைக்கு நேர் மேலே இருந்தது. மாடிப்படிக் கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேனையும் முழு வேகத்தில் ஓடவிட்டாள். இரவுக்கான கோழிகள் அடுப்பில் வெந்துகொண்டிருந்தன. பத்து நிமிஷம் நிம்மதியாகப் போயிற்று.

பிறகு மேலே ஒரு ஜன்னல் படாரென்று திறந்தது. “யாருய்யா அது கீழ? மனுஷன் உயிரோட இருக்கறதா, வேணாமா?” லட்சம் பேர் காசு கொடுத்துக் கேட்கிற குரல், ஓசியில் கேட்டது.

கொழுந்தன் வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணி, ஃபேன் ஊதற குழாய் நேரா அவர் ஜன்னலுக்குக் கீழதான் முடியுது. அத்தனை புகையும் அவர் மூக்குக்குத்தான் போயிருக்கு.”

நாய் வாலை நிமிர்த்தப் போய்க் கடி வாங்கிய கதையாயிற்று. ஃபேனை நிறுத்தினார்கள். இப்போது சமையலறையில் புகை மண்டி, தீ எச்சரிக்கை மணி அலறி, விளக்குக்காரர்கள் ஆறு பேர் அதைச் சாப்பாட்டு மணி என்று நினைத்துத் தட்டோடு வந்து நின்றார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதைவிடப் போட்டு அனுப்புவது சுலபம். அக்கா போட்டாள்.

அடுத்து, வாசனையே இல்லாததாக இருக்கட்டுமென்று வெள்ளரிக்காயும் ஆப்பிளும் சீவி அனுப்பினாள். அதில் ஒரே ஒரு துண்டு குறைந்து வந்தது. கொழுந்தன் கையெடுத்துக் கும்பிட்டான். “அது நான் எடுத்தது” என்றார் மேனேஜர்.

மணி ஐந்து. இனி வாசனையை ஒளித்துப் பயனில்லை. அக்காவிடம் மிச்சம் இருந்தது அவளுடைய கோழிதான். தோல் மொறுமொறுக்க, வெண்ணெய் சொட்ட வறுத்து, மசித்த உருளைக்கிழங்கின்மேல் படுக்க வைத்த கோழி. போன ஊரில் அதைப் பாடகர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டதை அவளே பார்த்திருக்கிறாள்.

“இதை நானே கொண்டு போறேன்.”

“அண்ணி, படி ஏறாதீங்க. முட்டி...”

“இருபத்திரண்டு வருஷத்துல என் கையால போட்ட தட்டு இப்படித் திரும்பி வந்ததில்ல தம்பி. அவர் வாயாலயே கேட்டுட்டு வர்றேன்.”

இருபத்தாறு படிகள். ஒவ்வொன்றுக்கும் முழங்கால் ஒரு வசவு சொன்னது. கதவைத் தட்டினாள். ஒரு சாண் திறந்தது. பாடகரின் முகம் மட்டும் தெரிந்தது. தட்டைப் பார்த்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. கண்கள் இரண்டும் நிறைந்துவிட்டன.

“ஏன்க்கா இப்படிக் கொல்றீங்க? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?”

கதவு சாத்திக்கொண்டது.

அக்காவுக்குக் கால் வலி மறந்துபோனது. தன் கைச் சமையலைப் பார்த்து ஒருவர் கண்ணீர் விட்ட நாளும் வந்துவிட்டதே என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. தட்டோடு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

கீழே மேனேஜர் காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

“தப்பா நினைக்காதீங்க அக்கா. நாளைக்கு அடுத்த ஊர்ல வேற ஆளுங்க சமைக்கட்டும். பேசறேன்.”

ஒரு போனைக் காதில் வைத்துக்கொண்டு கதவருகே போய் நின்றார். கொழுந்தன் கத்திகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தான். அவன் ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால்கூட அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போது குழுவின் உடுப்புகளைத் தைக்கும் தையல்காரம்மா உள்ளே வந்தாள். கழுத்தில் அளவு நாடா, சேலைத் தலைப்பில் வரிசையாகக் குண்டூசி. வேலை முடிந்து கடைசியில் சாப்பிட வருகிற ஆள் அவள்.

“ஏதாவது இருக்கா அக்கா? காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.”

அக்கா கையிலிருந்த தட்டை அப்படியே நீட்டினாள். தையல்காரம்மா ஒரு தொடையைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

“நீயாவது சொல்லும்மா, அதுல என்ன குறைன்னு. அவருக்கு என் சமையல் பிடிக்கல. நாளையிலேர்ந்து நாங்க இல்ல” என்றாள் அக்கா.

தையல்காரம்மா மெல்லுவதை நிறுத்தினாள். கதவருகே மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்ததை அவள் கவனிக்கவில்லை.

“பிடிக்கலயா? நீங்க போட்ட சாப்பாட்டுல மூணு ஊர்ல மூணு தடவை அவர் கால்சட்டையைப் பிரிச்சு விட்டாச்சு, இனிமே பிரிக்க உள்மடிப்புல துணியே இல்லக்கா. இன்னைக்கு மத்தியானம் மூச்சை இழுத்துப் பிடிச்சு நிக்கச் சொல்லி, உடம்போட வச்சுத் தச்சு மூடிட்டு, பாட்டு முடிஞ்சு நான் பிரிச்சு விடற வரைக்கும் ஒரு பருக்கை உள்ள போகக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். வெளியில சொன்னா மானம் போயிடும்னு வாயை மூடிக்கிட்டு நிக்கிற அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேராத்தான் நீங்க மூணு மணியிலேர்ந்து தட்டுத் தட்டா நீட்டிக்கிட்டு இருக்கீங்க!”