இருட்டு ரீச்சரின் சிவப்பு பல்புகள்

வெளிச்சம் கேட்டு மனுக் கொடுத்தவர்கள் உலகத்தில் கோடிப்பேர் இருப்பார்கள். இருட்டுக் கேட்டு மனுக் கொடுத்த ஒரே மனுஷி எங்கள் இருட்டு ரீச்சர்தான்.

நான் கண்டாவளைக்கு வேலைமாற்றம் கிடைத்து வந்தபோது அவர் வீட்டு முன்னறையில்தான் வாடகைக்கு இருந்தேன். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். பல வருடம் கெஞ்சி எங்கள் ஒழுங்கைக்கு ஒரு தெருவிளக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் காலை ரீச்சர் குடையும் கடிதமுமாய்ப் பிரதேச சபை வாசலில் நின்றார்.

"உந்த லைற் என்ர வளவுக்கு நேர எரியுது. என்ர செவ்வந்தி பூக்காது. கழட்டிக்கொண்டு போங்கோ."

விளக்கை இரண்டு கம்பம் தள்ளி மாட்டும்வரை அவர் வீடு திரும்பவில்லை. அன்றைக்கு விழுந்த பெயர் அது.

வாயைத் திறந்தால் செடிதான். மற்றவர்கள் செடியைப் பற்றி வாயைத் திறந்தால் திருத்தம்தான். ஒரு செத்தவீட்டில், "வெயில் கூடினதாலதான் மல்லிகை பூக்கேல்லை" என்று யாரோ பேச்சுவாக்கில் சொல்ல, ரீச்சர் பிரேதத்தைத் தாண்டிப் போய் விளக்கம் கொடுத்தார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

பின்வளவில் ஒரு கொட்டில் போட்டிருந்தார். பாதிக்குள் இருக்கும் செவ்வந்திகளைப் பின்னேரமே கறுப்புத் தறப்பாளால் மூடிவிடுவார். இரவு நீண்டுவிட்டதென்று நம்பி அவை முந்திப் பூக்குமாம். மறுபாதிக்கு இரவில் சிவப்பு பல்ப். பகல் முடியவில்லையென்று நம்பி அவை பிந்திப் பூக்குமாம். முந்தியும் பிந்தியும் வரும் இரண்டு கோயில் திருவிழாவுக்கும் பூக் கொடுப்பதுதான் திட்டம். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு மட்டும் அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது.

ஒரு நாள் காலை, நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்க, வாசல் படலையில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. நல்ல தமிழ் பேசும் ஒரு இன்ஸ்பெக்டர். கூடவே கொப்பி பிடித்த ஒரு கொன்ஸ்டபிள்.

"அம்மா, சிவப்பு லைற் போட்டுக் கஞ்சாவைக் கெதியாப் பூக்க வைக்கிறீங்கள் எண்டு தகவல்."

வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். ரீச்சருக்கு முகம் சிவந்தது. கோபம் குற்றச்சாட்டில் இல்லை, அதில் இருந்த பிழையில்.

"ஆர் சொன்னது? முழுப் பிழை! இரவில சிவப்பு லைற் போட்டால் கஞ்சா பூக்காது! அது நீட்டு இரவு கேக்கிற செடி. நடுவில சிவப்பு வெளிச்சம் பட்டால் பகல் எண்டு நினைச்சு இலையாத்தான் தள்ளும்."

கொன்ஸ்டபிள் எழுதத் தொடங்கினார். எனக்கு வியர்க்கத் தொடங்கியது. "ரீச்சர், கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்று காதுக்குள் சொன்னேன்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ தம்பி. பிழையாய் எழுதிக்கொண்டு போகப் போகினம்."

இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்த போத்தலைத் தூக்கினார். "இது?"

"ஜிபரெலின். செடியின்ர ஹோர்மோன். செவ்வந்திக் காம்பை நீட்டும்."

"கஞ்சாவுக்கு அடிச்சால்?"

கேள்வியில் இருந்த பொறி எனக்குத் தெரிந்தது. ரீச்சருக்கு அது பரீட்சைக் கேள்வி.

"பெண் செடியில ஆண் பூ வரும். கஞ்சாக்காரனுக்கு அது நட்டமெல்லோ, அவனுக்குப் பெண் பூதானே வேணும். எத்திலீன் எண்டால் மறுவளம், ஆண் செடியிலயும் பெண் பூ வரும்."

கொன்ஸ்டபிள் பக்கம் புரட்டினார்.

கொட்டிலைத் திறந்தார்கள். தறப்பாள் பக்கம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. பல்ப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரே பச்சை. வெட்டு வெட்டான இலை. மருந்துக்கும் ஒரு மொட்டு இல்லை. "சேர், இதுதான்!" என்று கொன்ஸ்டபிள் கத்தினார்.

"ரெண்டு பக்கமும் ஒரே தாய்ச் செடியில முறிச்சு வைச்ச தடி ஐயா" என்றார் ரீச்சர். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. பச்சைச் செடிகள் எல்லாவற்றையும் பிடுங்கி ஏற்றுங்கள், ரீச்சரும் ஸ்டேஷனுக்கு வரட்டும் என்றார். ரீச்சர் ஒன்றும் பேசாமல் போய் அடையாள அட்டையை எடுத்து வந்தார். அவர் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன்.

கொன்ஸ்டபிள் கடைசி மூலையிலிருந்து பிடுங்கக் குனிந்தவர், அப்படியே நின்றார்.

"சேர்... இதில பூ இருக்கு."

தூணுக்குப் பின்னால் மூன்று சாடிகள். மூன்றிலும் மஞ்சள் செவ்வந்தி. மேலே இருந்த பல்ப் எப்போதோ எரிந்து போயிருக்கிறது. முழங்கால் வருத்தத்தால் ரீச்சர் அந்த மூலைக்குப் போவதில்லை. தண்ணீரையும் ஹோஸால் தூரத்தில் நின்றே அடிப்பார். இருட்டில் நின்ற மூன்றும் தம்பாட்டில் பூத்துவிட்டன. அதே இலை, அதே தண்டு, நுனியில் பூ.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டரே பெருமூச்சு விட்டுத் தொப்பியைக் கழற்றினார். ரீச்சர் மட்டும் தலையில் கை வைத்தார்.

"ஐயோ, என்ர பரிசோதனை பழுதாய்ப் போச்சே!"

புறப்படும்போது இன்ஸ்பெக்டர் தயங்கினார். "அம்மா, எங்கட குவாட்டர்ஸிலயும் செவ்வந்தி நிக்குது. ஒரு பூவும் இல்லை."

"வாசல் லைற் விடியுமட்டும் எரியுதோ?"

"ஓம்."

"அதை நூர்த்து விடுங்கோ. இருட்டில பூக்கும்."

ஜீப் ஒழுங்கை திரும்பி மறைந்ததும் ரீச்சர் கதிரையில் பொத்தென்று இருந்தார். அடையாள அட்டை இன்னமும் கைக்குள்தான்.

"பயந்திட்டியளோ ரீச்சர்?"

"ஓம்" என்றார், சின்னக் குரலில்.

நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். எங்கட வீட்டில ஆளுக்கு ஏலாமல் கிடக்கு, இண்டைக்கு வரமாட்டன் என்றேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது, அந்த வீட்டில் நான் வாடகைக்கு இருப்பவன் என்று.