உப்புப் போடாத ஐஸ்

வன்னியில் ஐஸ்பெட்டி அண்ணையைப்போல மெதுவாக மோட்டார்சைக்கிள் ஓடக்கூடியவர் இன்னும் பிறக்கவில்லை. ஆனையிறவு வெளியில் கொக்குகள் நடந்தே அவரை முந்தும். முல்லைத்தீவில் மீன் விற்றவரை, கிளிநொச்சியில் எடுக்கும் இரத்தத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப் புற்றுநோய் ஆய்வுக்காரர் வேலைக்குப் பிடித்துவைத்திருந்தார்கள். இரத்தம் குலுங்கக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பள்ளத்தைக் கண்டால் இறங்கி உருட்டுவார். சந்தியில் யாரும் மறித்தால் பெட்டியைக் காட்டி, "சத்தம் போடாதைங்கோ, உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்" என்பார்.

அந்தப் பெட்டியில் ஒருநாள் என் அக்காவும் போனார். ஸ்கந்தபுரத்தில் வயலே கதியென்று இருந்தவருக்கு மார்பில் கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டொக்டர். அக்கா முடியாதென்றால் முடியாதுதான். வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் டொக்டர் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். உடம்பின் உயிர்க்கலங்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை இரத்தத்தில் விடுமாம். புற்றுக் கலம் விடும் பைக்குள் அதன் சேதி இருக்குமாம். சதைப் பரிசோதனைக்கு இது ஈடில்லை, ஆனால் ஏதும் தெரிந்தால் அக்காவின் மனம் மாறலாம். ஒரேயொரு தடவை கை நீட்ட அக்கா சம்மதித்தார்.

அன்று பார்த்து வெயில் கொளுத்தியது. மீன்காரக் கை சும்மா இருக்குமா? ஐஸின் குளிர் குறையாமல் நிற்கட்டும் என்று அண்ணை உப்பை அள்ளிப் போட்டுவிட்டார். உப்பு ஐஸின் குளிரில் இரத்தம் கட்டியாக உறைந்து, கலங்கள் உடைந்து, ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று.

அதைச் சொல்ல அவரே வந்தார். நான் வாயில் வந்தபடி ஏசினேன். அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இனி அக்காவை யார் அசைப்பது?

ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதவடியில் போய் நின்றார் அண்ணை.

"தங்கச்சி, என்ர மனுசிக்கும் உப்பிடித்தான் கட்டி. ஊசிக்குப் பயந்து அவா போகேல்லை. நானும் பேசாமல் விட்டிட்டன். இப்ப நான் மட்டும் இருக்கிறன்."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"சதையும் எடுக்கட்டும், ரத்தமும் எடுக்கட்டும்," என்றார் அக்கா. "நீங்கள் உப்புப் போடாமல் கொண்டுபோங்கோ, அண்ணை."

புற்றுநோய்தான். ஆனால் முற்றவில்லை. சிகிச்சை முடிந்து அக்கா மறுபடி வயலில் நிற்கிறார்.

அண்ணை இப்போது எங்களுக்கு மீனும் கொண்டுவருவார். அன்றைய பயத்தில் மீன் ஐஸுக்கும் உப்புப் போடுவதை விட்டுவிட்டார். அவர் ஓடுகிற ஓட்டத்துக்கு ஸ்கந்தபுரம் வரும்போது குளிர் போதாமல் மீன் நைந்திருக்கும். அக்கா ஒரு சொல்லும் சொல்லாமல் வாங்கிக் குழம்பு வைப்பார். நாங்களும் சட்டியை வழித்துச் சாப்பிடுவோம்.