கஞ்சிலுக்குக் கொம்பு முளைத்த வாரம்

திங்கட்கிழமை காலை எனக்குக் கிடைத்த வேலை, மெஷினைத் துடைப்பது. அவ்வளவுதான்.

எங்கள் தச்சுப் பட்டறை காஜா பெராங்கில், வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கிறது. சிங்கப்பூரில் மூடிவிட்ட ஒரு கம்பெனியிலிருந்து மரம் செதுக்கும் மெஷின் ஒன்றை அப்பா லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பக்கம் மாதிரிப் பலகையை மாட்ட வேண்டும். ஓர் இரும்பு விரல் அதைத் தடவிக்கொண்டே போகும். விரல் ஏறினால் மறுபக்கம் சுழலும் கத்தியும் ஏறும், இறங்கினால் இறங்கும். மாதிரியில் இருப்பது அப்படியே புதுப் பலகையில் வந்துவிடும்.

மெஷினோடு ஆங்கிலத்தில் ஒரு கையேடும் வந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டு, பள்ளியும் இல்லாமல் வேலையும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அது போதாதா?

"மெஷினை நான் பார்த்துக்கறேன்ப்பா" என்றேன்.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி பத்மா. மெர்டேக்கா மேடைக்கு எட்டு நாற்காலி செய்யணும். வெள்ளிக்கிழமைக்குள்ள எட்டு முதுகுப் பலகையும் ஒழுங்கா வந்தா மெஷின் உன் பொறுப்பு. இல்லன்னா கிளேபாங்ல அத்தை வீட்டுக்குப் போய்ப் பிள்ளைங்களைப் பார்த்துக்கோ."

அத்தைக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தும் கடிக்கும்.

பலகையில் வரவேண்டியது கஞ்சில் தலை. கஞ்சில் என்றால் சருகுமான், நம் ஊர் உருவான கதையில் ராஜாவின் வேட்டை நாயை எட்டி உதைத்ததே, அதுதான். எந்த மிருகத்தைப் போடுவது என்று மெர்டேக்கா, அதாவது சுதந்திரக் கொண்டாட்டக் குழு மூன்று கூட்டம் போட்டது. சிங்கம் வெள்ளைக்காரனுடையது, யானை நாற்காலியில் கொள்ளாது என்று வாதாடிவிட்டுக் கடைசியில் கஞ்சிலில் வந்து நின்றார்கள்.

மாதிரிப் பலகையைக் கையால் செதுக்கியவர் ஆ செங். பல வருஷமாக அப்பாவிடம் வேலை செய்கிற சீனர். பேச்சு குறைவு, அதுவும் மலாயில்தான். ஆனால் அவர் செதுக்கிய கஞ்சில், தொட்டால் துள்ளி ஓடிவிடும் போல இருந்தது. நெற்றியில் மயிர்கூடக் கோடு கோடாகத் தெரிந்தது.

நான் மண்ணெண்ணெய்த் துணியால் மெஷினைத் துடைத்து முடித்ததும் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"புது மெஷின். பொட்டு வைக்காம ஓட்டாதே."

வைத்தேன். மோட்டாருக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, சுவிட்சுக்கு ஒன்று. மாதிரிப் பலகையை மட்டும் விடுவானேன் என்று அதற்கும் ஒன்று. கஞ்சத்தனம் என் குணத்திலேயே கிடையாது. கெட்டியாகக் குழைத்துத் தாராளமாக வைத்தேன். காய்ந்ததும் ஓட்டினேன்.

முதல் பலகை வந்தது. கஞ்சில் அழகாக இருந்தது. நெற்றி நடுவில் மட்டும் உளுந்து அளவுக்கு ஒரு புடைப்பு.

"என்ன இது?" என்றார் அப்பா.

"பரு மாதிரி இருக்கு."

"கஞ்சிலுக்கு எப்படி பரு வரும்?"

கையேட்டைத் திறந்தேன். பின்பக்கத்தில் கோளாறுகளின் பட்டியல் இருந்தது. முதல் வரியே, தூசு. தூசு சேர்ந்தால் கத்தி நேராகப் போகாது, கழற்றிச் சுத்தம் செய்யவும் என்று போட்டிருந்தது. கழற்றினேன். ஒவ்வொரு திருகையும் துடைத்தேன். என் மூக்குக்குள் போன மரத்தூளை வைத்து ஒரு ஸ்டூல் செய்திருக்கலாம்.

திரும்ப மாட்டியதும் திரும்பப் பொட்டு. அம்மாவின் சட்டம் அது. சுத்தம் செய்தால் பொட்டு வைக்க வேண்டும், காய்ந்த பொட்டை அழிக்கக் கூடாது, அதன் மேலேயே வைக்க வேண்டும்.

இரண்டாவது பலகையில் புடைப்பு கொண்டைக்கடலை அளவு.

கையேட்டில் இரண்டாவது வரி, பெல்ட் தளர்வு. இறுக்கினேன், துடைத்தேன், பொட்டு வைத்தேன். மூன்றாவது பலகையில் புளியங்கொட்டை அளவு.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அப்பா உளியை எடுத்து ஒரு புடைப்பைச் சீவிப் பார்த்தார். புடைப்போடு மயிர்க் கோடுகளும் போய்விட்டன. கஞ்சிலுக்கு நடு நெற்றியில் வழுக்கை.

"சுத்தம் பண்ணப் பண்ணப் பெருசாகுதே" என்றார்.

"அப்ப இன்னும் சரியா சுத்தம் ஆகலைன்னு அர்த்தம்."

மூன்றாவது வரி, மழுங்கிய கத்தி. எனக்கு விடை கிடைத்துவிட்டது. நேராக ஆ செங்கிடம் போனேன்.

"அங்கிள், கத்தியைத் தீட்டினது நீங்கதானே?"

"நான்தான்."

"சரியாத் தீட்டலை."

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த உளியைத் துடைத்து வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம், "உன் பெண் புத்தகம் படித்தவள். நான் படிக்கவில்லை. படித்தவளே செய்யட்டும்" என்று மலாயில் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

தொல்லை விட்டது என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது உண்மை.

கத்தியை நானே தீட்டினேன். துடைத்தேன். பொட்டு வைத்தேன். புதன்கிழமை நாலாவது பலகை வந்தபோது கஞ்சில் நெற்றியில் அரைப் பாக்கு ஒட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குழுச் செயலாளர் வந்தார். ரிட்டையர் ஆன சுங்க கிளார்க். வெயிலோ மழையோ குடையும் நோட்டுப் புத்தகமும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. பலகையைக் கையில் எடுத்தார்.

"இது என்ன பாப்பா, நெற்றியில?"

பக்கத்தில் அப்பா நின்றார். கோளாறு என்று சொன்னால் கிளேபாங்.

"கொம்பு" என்றேன்.

"கஞ்சிலுக்கு ஏது கொம்பு?"

"இதுவரைக்கும் இல்லைங்க."

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கினார். நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "இதுவரைக்கும் இல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே அம்மா கிளேபாங்குக்கு என் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை கையேட்டில் மிச்சம் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'அனுபவம் உள்ளவரை அழைக்கவும்.'

ஆ செங் தங்கியிருந்தது உஜோங் பாசிரில், அவருடைய தம்பி வீட்டில். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், கத்தி நல்லாத்தான் இருந்திச்சு. நான் சொன்னது தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியலை."

"கடைசியாகச் சொன்னது சரி" என்றார். கோப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

பட்டறைக்கு வந்தவர் மெஷின் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராகத் தன் மாதிரிப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். குனிந்தார்.

"என் கஞ்சிலுக்கு இது என்ன?"

"பொட்டு."

"யார் வைத்தது?"

"நான்."

"எத்தனை முறை?"

விரல் விட்டு எண்ணினேன்; நாலாவது விரலில்தான் விஷயம் புரிந்தது.

எங்கள் வீட்டில் பொட்டு இருந்தால் யார் கண்ணிலும் படாது. இல்லாவிட்டால்தான் படும். நான்கு நாளாக நானும் அப்பாவும் அந்தப் பலகையை மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்திருக்கிறோம். இரும்பு விரல் ஒவ்வொரு முறையும் என் சந்தனத்தின் மேல் பக்தியோடு ஏறி இறங்கியிருக்கிறது. நான் பார்க்காததை அது தடவிப் பார்த்து, மரத்தில் செதுக்கியும் காட்டியிருக்கிறது. நான் அதைக் கழற்றிக் கழற்றித் துடைத்திருக்கிறேன்.

ஆ செங் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். நாலு அடுக்குச் சந்தனம் மொத்தமாகக் கழன்று விழுந்தது. ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"என்னன்னு கண்டுபிடிச்சாச்சா?" என்று அப்பா கேட்டார்.

"தூசு" என்றார் ஆ செங்.

அந்த மனுஷனை நான் கத்தி தீட்டத் தெரியாதவர் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் உண்மையை நானே அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "ஓட்டு" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எட்டுப் பலகையும் சுவரில் சாய்ந்து நின்றன. எட்டு நெற்றியும் வழவழ. ஆ செங் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அம்மா மடித்து வைத்த துணிகளை நான் திரும்ப அலமாரியில் வைக்கப் போனேன்.

செயலாளர் வந்தார். முதல் பலகையைப் பார்த்தார். எட்டாவது வரைக்கும் நடந்து பார்த்தார்.

"கொம்பு எங்கே?"

"அது வந்து..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"தம்பி, நான் பேச்சே எழுதிட்டேன். அடிமையா இருந்தவரைக்கும் நம்ம கஞ்சிலுக்குக் கொம்பு இல்லை, இனிமே உண்டுன்னு. குழுத் தலைவர் கேட்டுட்டுக் கண் கலங்கிட்டார். எட்டுக்கும் கொம்பு வேணும்."

"சாஞ்சா முதுகில குத்துமேங்க."

"சுதந்திர நாட்டு மேடையில எவனும் சாஞ்சு உட்காரக் கூடாது. செவ்வாய்க்கிழமை வர்றேன்."

குடை போய்விட்டது. அப்பா ஆ செங்கைப் பார்த்தார்.

"கஞ்சிலுக்குக் கொம்பு கிடையாது" என்று சொல்லிவிட்டு ஆ செங் தொப்பியை எடுத்தார். "படித்தவளைச் செய்யச் சொல்."

அப்பா மாதிரிப் பலகையைத் திரும்ப மெஷினில் மாட்டினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வரச் சொன்னார்.

"நீயே வை" என்று என்னிடம் நீட்டினார். "அந்த அளவு வேற யாருக்கும் வராது."

கிளேபாங் பிள்ளைகள் வேறு யாரையாவது கடித்துக்கொள்ளட்டும்.