அருவிக்குப் போன கணுக்கால்

இந்த சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் ஐந்தருவியில் தலையைக் கொடுத்தே தீருவது என்று நாறும்பூநாதன் முடிவெடுத்தது ஒரு ஜூன் மாதக் காலையில். குத்துக்கல்வலசையில் அவர் வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. அதைப் பார்த்தபடியே படி இறங்கினார். இருப்பது மூன்று படி. அவர் இறங்கியது இரண்டு.

‘மளுக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. அதைவிடப் பெரிதாக இன்னொரு சத்தம் கேட்டது. அது அவர் போட்டது.

அருவியில் வழுக்கி விழுந்தால் வெளியே சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் உண்டு. இவர் விழுந்ததோ சொந்த வீட்டில், சொட்டுத் தண்ணீர் இல்லாத படியில். அதுவும் தென்காசி டைல்ஸ் கடை ஒன்றின் மேனேஜர். எந்தத் தரை வழுக்கும், எது வழுக்காது என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவர்.

வீட்டில் பாடம் எடுப்பது அவர் மனைவி குழல்வாய்மொழி. பிளஸ் டூவுக்கு பயாலஜி டீச்சர். ஓடிவந்து பார்த்தாள். கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது.

“தைலத்த எடு. சூடா நாலு உருவு உருவினா போயிரும்” என்றார்.

“புது வீக்கத்துல சூடும் வைக்கக் கூடாது, உருவவும் கூடாது. ஐஸ்தான் வைக்கணும்.”

“எங்க வீட்டுல எல்லாம் உருவித்தான் விடுவாங்க.”

“உங்க வீட்டுல படிய எண்ணவே சொல்லித் தரலையே.”

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு தப்பித்தது. லிகமென்ட்தான் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். இவ்வளவு கத்தியதற்கு எலும்பு முறியாதது நாறும்பூநாதனுக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

“லிகமென்ட்னா என்ன?” என்று மனைவியிடம் கேட்டார்.

“எலும்பையும் எலும்பையும் சேத்துக் கட்டியிருக்க நாடா. சிலருக்கு இழுபட்டதோட போயிரும். சிலருக்குப் பாதி கிழியும். சிலருக்கு முழுசா அந்து போவும். உங்களுக்குப் பாதி.”

“அப்பம் பாஸ்னு சொல்லு.”

“அரியர்.”

முதல் சில நாள் துண்டில் சுற்றிய ஐஸ், இறுக்கமான பேண்டேஜ், காலுக்கு அடியில் ரெண்டு தலையணை. நெஞ்சைவிடக் கால் உயரத்தில் இருக்க வேண்டுமாம். பிறகு பிசியோதெரபிஸ்ட் ஷெர்லின் வந்தாள். குழல்வாய்மொழியிடம் படித்த பெண். கட்டைவிரலால் காற்றில் ஏ, பி, சி, டி எழுதச் சொன்னாள்.

“இருபத்தாறு எழுத்து எந்த மூலைக்கு? தமிழ்ல எழுதட்டும்” என்றாள் குழல்வாய்மொழி.

இருநூத்தி நாப்பத்தேழு! ‘ஔ’ வருவதற்குள்ளேயே அவருக்குக் கண்ணைக் கட்டியது. ஐம்பது வயதில் காலால் ‘ஞௌ’ எழுதிய மனிதர் இந்தத் தாலுகாவில் வேறு யாரும் இருக்க முடியாது.

மூன்றாவது வாரம் வலி போய்விட்டது. வீக்கமும் வடிந்தது. தெருவில் போகிற ஒவ்வொருவரும் ஈரத் தலையோடு போனார்கள். சொட்டச் சொட்ட வேண்டுமென்றே அவர் வாசல் வழியாகப் போகிற மாதிரி இருந்தது. இனிப் பொறுக்க முடியாது, இன்றைக்கு மனைவியை அதட்டிக் கேட்டுவிடுவது என்று கிளம்பினார். மனதுக்குள் ‘ஏட்டி’ என்றுதான் ஆரம்பித்தார். பல்லைத் தாண்டும்போது அது ‘ஏம்மா’ ஆகிவிட்டது.

“ஏம்மா, முக்கால்வாசி சரியாயிட்டு.”

“மிச்சம்?”

“கால்தான்.”

“அந்தக் கால்தான் பாறையில ஊணணும். வலி முதல்ல போயிரும், பலம் மெதுவாத்தான் வரும். ஒத்தக் கால்ல முப்பது எண்ணுத வரைக்கும் நில்லுங்க. நானே கூட்டிட்டுப் போவுதேன்.”

நின்றார். பதினொன்றில் ஆடினார். பன்னிரண்டில் பீரோவைக் கட்டிப்பிடித்தார்.

“அருவியில பீரோ கிடையாது” என்றாள்.

“சீசன் போயிருமே குழலி!”

“அருவி போனா அடுத்த வருஷம் வரும். அறிவு போனா வராது.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே வந்து, “நாளைக்கு ஆலங்குளத்துல டீச்சர்களுக்குப் பயிற்சி. வர இருட்டிரும். காலைத் தலையணைய விட்டு இறக்கக் கூடாது” என்றாள். நாறும்பூநாதன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். உள்ளே கொட்டுமேளம்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அவள் கிளம்பினாள். எட்டரைக்கு ஆட்டோக்கார யாசருக்குப் போன் போட்டார். தினமும் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற ஆட்டோதான். ஆபத்துதான். ஆனால் படி வரைக்கும் வந்து தோள் கொடுக்கிறவன் அவன் ஒருவன்தானே? போனை வைத்த ரெண்டாவது நிமிஷம் ஆட்டோ வாசலில் நின்றது. இன்றைக்கு நமக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டார்.

“லே யாசரு, ஐந்தருவிக்கு விடு. டீச்சருக்கு மட்டும் தெரியக் கூடாது.”

“என்ன அண்ணாச்சி, நான் போயா சொல்லுவேன்?”

அருவி இரைந்துகொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடியில் சாரல் படிந்தது. தலையில் எண்ணெய், தோளில் துண்டு, கையில் கம்புமாக நின்றார். அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. இருபத்துநாலு வருஷமாகக் கேட்கிற சிரிப்பு. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். சுடிதார் சொட்டச் சொட்டக் குழல்வாய்மொழி! கூடவே ஏழு டீச்சர்கள்!

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு பொய்யில் மாட்டி அவர் பார்த்ததில்லை. கால் வலி, அருவி, எல்லாம் மறந்துபோயிற்று.

“என்ன டீச்சர், ஆலங்குளத்துல தண்ணி ரொம்பவோ?”

அவள் திடுக்கிடக்கூட இல்லை. கூந்தலைப் பிழிந்துகொண்டே வந்தாள். “வாங்க. பாத்து, பாசி வழுக்கும்.”

“பொய் சொல்லிட்டுல்லா வந்திருக்க!”

“நீங்க சொல்லாமலே வந்திருக்கீங்க. எனக்கு லிகமென்ட் நல்லாருக்கு. உங்களுக்கு?”

“எனக்கும்தான்!”

“அப்பம் ஒத்தக் கால்ல நில்லுங்க. நின்னுட்டா போய்க் குளிங்க.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். எட்டு டீச்சர்களும் வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி ஒரே குரலில் எண்ணினார்கள். வேர்க்கடலை விற்கிறவர் வியாபாரத்தை விட்டுவிட்டு அவரும் எண்ணினார். பதினெட்டு வரை போனார். முன்னேற்றம்தான். பத்தொன்பதில் மலையே ஒரு பக்கம் சாய்ந்தது. ஆசியா டீச்சர் ஒரு கையையும் மனைவி ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் தள்ளி, தண்ணீர் படாத இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. எதிரே இன்னொன்று, அதன்மேல் மடித்த துண்டு, கால் நீட்டிக்கொள்ள வாகாக. உட்கார வைத்தார்கள். மடியில் ஒரு கைப்பை வந்து விழுந்தது. பிறகு ரெண்டு, பிறகு அஞ்சு, எட்டு. மேலே எட்டு செல்போன்.

மானத்தைக் கொஞ்சமாவது மீட்க வேண்டாமா? நாறும்பூநாதன் பைகளுக்கு மேலே தலையை நீட்டினார். “நான் தற்செயலா வந்தேன், தப்பிச்சீங்க. இல்லாட்டா இந்தப் பையெல்லாம் யாரு பாத்துக்கிடுவா?”

அருவியைப் பார்த்து நடந்துகொண்டிருந்த குழல்வாய்மொழி திரும்பினாள்.

“தற்செயலா எங்கன வந்தீங்க? ஒம்பதரைக்குள்ள உங்களக் கொண்டுவந்து சேத்துரணும்னு நேத்தே யாசர்கிட்ட சொல்லி வச்சிட்டேன்லா.”