மூக்கில்லாத கிளிக்கு உரிமை யாருக்கு?

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
1971, ஆடி 10

பட்டணத்தில் வக்கீல் குமாஸ்தாவாக விளங்கும் மைத்துனர் வேணுகோபால் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் துரைக்கண்ணு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் அக்காள், இரண்டு தறி எல்லாம் நலம். நலம் என்று வழக்கத்துக்காக எழுதினேன், நலமில்லை.

நான் கண் நோக வரைந்து, தறிக்கு மேலே மாட்டும் ஜக்கார்டு அட்டைகளில் ஓட்டை போட்டு உண்டாக்கிய கிளி பார்டருக்கு உங்கள் அக்காள் பெயரையே வைத்து ‘ஏலவார்குழலி பார்டர்’ என்று விற்றுவந்தது உங்களுக்குத் தெரியும். போன தை மாதம் ஐயம்பேட்டை அப்பாதுரை வந்து, மகள் கல்யாணத்துக்கு ஒரே ஒரு புடவை நெய்ய அந்த அட்டைகளை இரவல் கேட்டான். வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்பவனிடம் இல்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? அதற்காக, அவன் என் அட்டையைப் பார்த்துத் தனக்கும் வெட்டிக்கொள்வான் என்று தெரியாத அளவுக்கு நான் அசடனா? கிளியின் மூக்கு விழுகிற ஓட்டைகளை மட்டும் காகிதம் ஒட்டி அடைத்துக் கொடுத்தேன். திருடினால் கிளியே சாட்சி சொல்லட்டும் என்று. அவனும் திருடினான், கிளியும் மூக்கில்லாமல் வந்தது, அதே பெயரில் கடைக்கும் போனது. மாட்டினான் என்று நான் துள்ளினேன். ஆனால், “வாயே இல்லாத கிளிம்மா. இதைக் கட்டிக்கினா மருமக எதிர்த்துப் பேசமாட்டாளாம்” என்று எவளோ ஒரு மாமியார் கிளப்பிவிட, இப்போது ஊர்ப்பட்ட மாமியார்கள் கடை வாசலில் நிற்கிறார்கள். மூக்கோடு நெய்த என் புடவையை, “இது போலிப்பா, வாயாடிக் கிளி” என்று திருப்பி அனுப்புகிறார்கள். வயிறு எரிகிறது மச்சான்.

உள்ளூர் வக்கீலிடம் போனால், “ஏலவார்குழலி அம்பாள் பேராச்சே! நீ உரிமை கேட்டா ஏகாம்பரநாதரே வக்காலத்து போட்டுக்கினு வருவாரேப்பா” என்று சிரிக்கிறார். “அது அம்பாள் இல்லைங்க, என் சம்சாரம்” என்றேன். அதற்கும் சிரிக்கிறார். ஆகவே பெயரும் எனக்கே, அட்டையும் எனக்கே, நான் எழுதிக் கொடுக்காமல் எவனும் நெய்யவோ விற்கவோ கூடாது என்று உங்கள் பெரிய வக்கீலைக் கொண்டு பதிவு செய்து, அப்பாதுரைக்கு ஒரு நோட்டீசும் விடவும். கிளிக்கு மூக்கு உண்டு என்பதைக் கொட்டை எழுத்தில் போடவும்.

ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். வக்காலத்து வேலை இல்லாத நேரத்தில் ஏகாம்பரநாதர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

இப்படிக்கு,
துரைக்கண்ணு

பி.கு.: நோட்டீஸ் வேண்டாம். பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் சற்றுமுன் வந்து, மூக்கில்லாத கிளிக்குத் தீபாவளி வரைக்கும் என்னிடமே ஆர்டர் கொடுத்துவிட்டார். மூக்கை அடைத்த மூளை என்னுடையதுதானே? அந்தக் கிளியையே என் பெயரில் பதிவு செய்யவும். அக்காளுக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி, இதை ஒட்டித் தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்துட்டுப் போனாரு. பேரு என்னோடது, உரிமையையும் என் பேர்லயே எழுது. கிளிக்கு வாய் இல்லாட்டி போவுது. எனக்கு இருக்குது.
அக்கா