பவுல் டெய்லரும் பன்னிரண்டாவது ஆளும்

திருப்பூரில் பனியன் தைத்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் பரிசுத்த பவுலைத் தன் செக்ஷன் ஆளாகவே நினைத்தவர் ஒருவர்தான். "பவுலு கூடாரம் தைச்சவரு. இன்னைக்கு இருந்தா ஓவர்லாக் மிஷின்ல உக்காந்திருப்பாரு" என்பார். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் லைன் வீடுகளில் அவருக்குப் பெயரே பவுல் டெய்லர். ஊர் தூத்துக்குடிப் பக்கம். நிஜப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும்.

சர்ச் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் அப்போஸ்தலர் நாடகம் போடுவார். வேடம் கொடுப்பது செய்யும் வேலையைப் பார்த்துத்தான். சாயப்பட்டறையில் நாளெல்லாம் ஈரத்தில் நிற்பவர், மீன்பிடித்த பேதுரு. துணியில் ஓட்டை என்றால் விரலை விட்டுப் பார்க்காமல் நம்பாத செக்கிங் பழனிச்சாமி, சந்தேகப்பட்ட தோமா. பழனிச்சாமி மாரியம்மன் பக்தர்.

"நமக்கெதுக்குங்க இதெல்லாம்?"

"சந்தேகத்துக்கு மதம் உண்டா வே?" என்று அடக்கிவிட்டார் டெய்லர்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை. பன்னிரண்டு பேர் வசனமும் எனக்கு மனப்பாடம். மேடையில் மட்டும் இடமில்லை. பிளஸ் டூ படித்த வருடம், எப்படியும் மேடையேறியே தீருவது என்று முடிவு செய்தேன். ஒத்திகை ஒன்றைக்கூட விடவில்லை.

தெருவுக்கு ஒரு செல்போன் இருந்த காலம். திருவிழா அன்று மாலை அதில் தகவல் வந்தது: யூதாஸ் செத்தபின் அவன் இடத்துக்கு வரவேண்டிய மத்தியா, ஷிப்மென்ட் அவசரத்தில் கம்பெனியில் மாட்டிக்கொண்டார்.

"பதினொன்னோட முடிச்சிருவோம்" என்றார் பேதுரு.

"பன்னெண்டு இல்லன்னா நாடகமே கெடையாது!" என்று கத்தினார் டெய்லர்.

"நான் நிக்கேன் மாமா" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தோமாதான் முதலில் இருமினார். "ஏனுங்க, பொம்பளப் புள்ள எப்படீங்க அப்போஸ்தலர் ஆகறது? நம்பற மாதிரி இல்லீங்களே."

டெய்லர் வேதப் புத்தகத்தைத் தட்டினார். "மத்தியாவ எதுக்கு வே எடுத்தாவ? அழகுக்கா? மொதல்ல இருந்து கூடவே இருந்த ஆளுன்னு எடுத்தாவ. ஒத்திகைக்கு ஒரு நாள் விடாம வந்தது யாரு? நீரு வந்தீரா?"

"நமக்கு ஓவர்டைமுங்க..."

"அப்போ வாய மூடும்."

வேஸ்ட் நூலில் செய்த தாடி ஒன்று மிச்சமிருந்தது. அவசரமாக எடுத்துக் காதில் மாட்டினேன். டெய்லர் அதை மெல்லக் கழற்றினார்.

"இது வேண்டாம் பிள்ள. முன்னால ஒங்க அம்மா உக்காந்திருக்கா. நிக்கது யாருன்னு தெரியணும்லா."