டோர்ஸ்டெனின் இடுப்பு

லெக்சாண்ட்,
செப்டம்பர் 4

அன்பும் மரியாதையும் உள்ள குன்வோர் அக்காவுக்கு,

தம்பி டோர்ஸ்டென் எழுதிக்கொள்வது. நானும் நாயும் சௌக்கியம். என் இடுப்பு மட்டும் சௌக்கியமில்லை.

“ஏண்டா, உனக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாதா?” என்று போனில் நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஆசையாக உன் நாய்க்குட்டி ஒன்றுக்கு என் பெயரையே வைத்து, நாய்ப் பதிவேட்டில் நம் குடும்பப் பெயரோடு ‘ஏக்வால் டோர்ஸ்டென்’ என்று எழுதி, “கொஞ்ச நாள் வச்சிருடா” என்று என்னிடமே விட்டுப் போனாய். கொஞ்ச நாள் நாலு வருஷமாயிற்று. இப்போது இவனுக்குப் பரம்பரை மூட்டு நோய் இல்லை என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டால், இனப்பெருக்கத்துக்கு உன் வீட்டுக்கே கூட்டிப் போய்விடுவாய். தாராளமாகக் கூட்டிப் போ. சோபா முழுக்க முடி.

நாய்களின் மூட்டு நோய் எந்த மரபணுவில் ஒளிந்திருக்கிறது என்று அங்கே வரைபடம் போடுகிறார்களாம். வந்த உறையில் ‘ஏக்வால் டோர்ஸ்டென்’ என்று இருந்தால் நான் என்னத்தைக் கண்டேன்? போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் என் இடுப்பைப் படம் எடுத்தார்கள், அதன் தொடர்ச்சி என்று நினைத்து உள்ளே இருந்த படிவத்தை நிரப்பிவிட்டேன். படியேறத் தயக்கம் உண்டா? உண்டு. எழுந்ததும் நொண்டல்? உண்டு. பரம்பரையில் யாருக்கு? அப்பா, அத்தை, இரண்டு சித்தப்பா. ஒரே ஈற்றில் பிறந்தவை எத்தனை என்றும் கேட்டிருந்தது. படித்த பிள்ளைகளுக்கு மரியாதையே இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு ‘நான் மட்டும்’ என்று எழுதி, எச்சில் எடுக்க அதோடு வந்த பஞ்சுக்குச்சியை என் கன்னத்துக்குள் தேய்த்து அனுப்பினேன்.

போன வாரம் ஆராய்ச்சிக்காரப் பெண் லோவிசா கூப்பிட்டாள்.

“சார், உங்க நாய் புகையிலை போடுமா?”

“நாய் எங்கேம்மா போடும்? நான்தான் உதட்டுக்கடியில வைப்பேன்.”

“அப்ப இது நாயே இல்ல சார்!”

திங்கட்கிழமை புது உறை வந்தது. இந்த முறை நாயின் வாயைத் திறந்து, நன்றாகத் தேய்த்து, நானே தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். கவலையை விடு.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். உன் நாய்கள் எல்லாம் நொண்டாமல் நெடுங்காலம் ஓடட்டும்.

உன் தம்பி
டோர்ஸ்டென் (இரண்டு கால் உள்ளவன்)

பி.கு.: ஈற்றைப் பற்றிக் கேட்டதுமே அது நாய்க்கு வந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது, அக்கா. அவன் இடுப்பில் ஒரு குறையும் இல்லை, தினமும் அவன் ஓடுவதைப் பார்க்கிறேனே. அவனையும் நீ கூட்டிப் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது? இரண்டாவது குச்சியையும் என் கன்னத்தில்தான் தேய்த்தேன்.